காங்கேயம் தேங்காய்த் தொட்டிக்கரியில் ஓர் உப்புநீக்கும் செல்: கடைசியில் எது வேலை செய்தது

லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் உப்பு கரைத்த கால் லிட்டர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று காட்டும் டி.டி.எஸ். பேனா 990 காட்டியது. பதினைந்து நிமிடம் கழித்து அதே தண்ணீரில் 760. இடையில் அது பத்து கிராம் கரிப் படலங்களை உரசிக்கொண்டு, 1.2 வோல்ட்டில் ஓடியிருந்தது. பிறகு முனைகளை மாற்றிக் கொடுத்ததும், பிடித்துவைத்த உப்பைக் கரி திருப்பிக் கொட்டிவிட்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடி 760. இந்த எண் ஒரு தடவை வந்தால் போதாது, தொடர்ந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது வருகிறது.

நான் இருப்பது நொய்யல் ஆற்றுக்குப் பக்கம். இங்கே போர்வெல் தண்ணீரின் கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை இல்லாமல் இயங்கக்கூடாது என்று ஆனது. ஆனால் அதற்கு முன் மண்ணுக்குள் இறங்கிய உப்பு அத்தனை சீக்கிரம் போகாது. எங்கள் போரில் பேனா 1,860 காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக எங்கள் தண்ணீர் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறது. வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. அது ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கோட்பாட்டை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். நுண்துளை நிறைந்த இரண்டு கார்பன் மின்முனைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் சோடியம் எதிர்முனைக் கரியின் துளைகளுக்குள்ளும், குளோரைடு நேர்முனைக் கரியின் துளைகளுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை எடுத்தால் வெளியே வரும். இதன் பெயர் கெப்பாசிட்டிவ் டீஅயனைசேஷன், சுருக்கமாக சி.டி.ஐ. 1960களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இந்த யோசனையைச் சோதித்தார்கள். 1990களில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கார்பன் ஏரோஜெல் வைத்துச் செய்து பெயர் வாங்கியது.

என்னை இழுத்தது வேறொரு செய்தி. உலகம் முழுக்க சி.டி.ஐ. ஆய்வகங்களில் ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் கார்பன்களில் ஒன்று, ஒய்.பி.-50எஃப் என்ற ஜப்பானியப் பொடி. அது தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்வது. காங்கேயத்தைச் சுற்றிக் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் எத்தனை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியைக் கரியாக்கி, அதை நீராவியில் சுட்டு ஆக்டிவேட்டட் கார்பனாக மாற்றும் ஆலைகளும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. உப்புத் தண்ணீரும் இங்கே, அதற்கான கரியும் இங்கே.

கரி

முதலில் சாதாரணத் தொட்டிக்கரியை, அதாவது ஆக்டிவேட் செய்யாததை, மிக்சியில் அடித்துப் பார்த்தேன். அழுத்திய வில்லையின் இரு பக்கமும் மல்டிமீட்டர் ஊசியை வைத்தால் மெகாஓம் கணக்கில் தடை. குழியில் மூட்டம் போட்டு எரிக்கும் கரி அவ்வளவு சூட்டைப் பார்ப்பதில்லை, அதனால் மின்சாரத்தைக் கடத்தாது. அதை அத்தோடு விட்டேன்.

ஆலையில் 850 டிகிரிக்கு மேல் நீராவியில் சுட்ட பொடியை ஒரு கிலோ வாங்கினேன், 180 ரூபாய். ஐயோடின் நம்பர் 1000, 325 மெஷ். ஐயோடின் நம்பர் என்பது கரி எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு வணிகத்தில் சொல்லும் அளவு. 325 மெஷ் என்றால் துகள் 44 மைக்ரானுக்குள். பெரிய குருணையாக வாங்கி வீட்டில் அரைக்க முயல வேண்டாம். வீடு முழுக்கக் கறுப்பாகும், துகளும் ஒரே அளவில் வராது. பொடியாகவே கிடைக்கிறது.

இதை அப்படியே தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று முதலிலேயே பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 50 கிராம் பொடியைக் கலக்கி, படிய விட்டு, மேலே தெளிந்ததை அளந்தால் டி.டி.எஸ். 400ஐத் தாண்டியது, பி.எச். 9.8. தொட்டியின் சாம்பலில் பொட்டாசியம் ஏராளம், அது கரைந்து வருகிறது. கழுவாத பொடியில் செய்த மின்முனையை வைத்து ஓட்டினால் கரன்ட் கொடுக்கும் முன்னாலேயே 990 ஆக இருந்த தண்ணீர் 1,060க்கு ஏறுகிறது. உப்பை எடுக்க வந்த பொருள் உப்பைச் சேர்த்தால், அப்புறம் வரும் எந்த அளவையும் நம்ப முடியாது.

கழுவும் முறை இது: வன்பொருள் கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, மூன்றும் கட்டாயம். பொடியை அதில் ஓர் இரவு ஊறவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். வேட்டித் துணியில் வடிகட்டினால் பொடியில் பாதி துணியோடு போகிறது. படியவிட்டு இறுப்பதே மேல், பொறுமை மட்டும் வேண்டும். அலசிய தண்ணீரின் டி.டி.எஸ்., ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். இந்த ஒரு படியைச் செய்யாமல் "கரி வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மின்சாரம் கரிக்குப் போகும் வழி

எனக்கு நேரமும் பணமும் அதிகம் செலவானது இங்கேதான். கரிக்கு மின்சாரம் கொண்டு போகும் தகடு, கலெக்டர், எதில் இருக்க வேண்டும்?

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை மலிவு, வெட்ட எளிது, நன்றாகக் கடத்தும். நேர்முனையில் குளோரைடு இருக்கும்போது அது நிற்காது. சில மணி நேரத்திலேயே வலையில் ஊசி முனை அளவில் குழிகள், மின்முனைகளுக்கு நடுவே இடைவெளி விடும் ஸ்பேசர் துணியில் பழுப்புக் கறை, தண்ணீரில் இரும்பு. எதிர்முனையில் இருந்த வலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முனைகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டிய வேலையில் ஒரு பக்கம் மட்டும் தாங்குவதால் பயனில்லை. டைட்டானியம் தாங்கும், விலை கட்டாது.

கிராஃபைட் ஷீட் சரியான விடை. அது பம்ப், வால்வு வேலைக்கான காஸ்கெட் ஷீட்டாகவே விற்கிறது. பம்புக்குப் பேர்போன கோயம்புத்தூரில் இதற்குக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டதும் கடைக்காரர், "உள்ள தகடு வெச்சதுங்களா, வெறும் ஷீட்டுங்களா?" என்றார். அந்தக் கேள்வி முக்கியம். அழுத்தம் தாங்குவதற்காக நடுவில் முள் வைத்த ஸ்டீல் தகடு பொதிந்த ரகம்தான் அதிகம் விற்கும். அதை வாங்கினால் மறுபடி துருவுக்கே வந்து நிற்போம். வெறும் கிராஃபைட், 0.5 மி.மீ. கனம், ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் துண்டு 1,100 ரூபாய். கத்தரிக்கோலில் வெட்டலாம், மடித்தால் முறியும்.

அடுத்து பைண்டர். பொடியை ஒட்ட வைக்க மரவேலைக்கான வெள்ளைப் பசையை நீர்த்துக் கலந்து தடவியபோது காய்ந்ததும் அழகாக இருந்தது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பசை ஊறி, மின்முனை சேறாகக் கரைந்து பேனா வரைக்கும் வந்துவிட்டது. ஆய்வகங்களில் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கை என்.எம்.பி. என்ற கரைப்பானில் கரைத்துப் பூசுவார்கள். என்.எம்.பி. கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. வீட்டில் அதற்கு இடம் தர எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது 60 சதவீத பி.டி.எஃப்.இ. டிஸ்பர்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த டெஃப்லான் துகள், பால் மாதிரி இருக்கும். அளவு: கழுவிக் காய்ந்த கரி 16 கிராம், மின்சாரம் கடத்தும் ரக கார்பன் பிளாக் 2 கிராம், டிஸ்பர்ஷன் 3.3 கிராம். அதில் திடப்பொருள் 2 கிராம் இருக்கும். ஆக 80 : 10 : 10. இரண்டு பொடியையும் 40 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கலக்கி, டிஸ்பர்ஷனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினால் கொஞ்ச நேரம் குழம்பாகவே இருக்கும். திடீரென்று திரளும். அதற்குப் பிறகு கையுறையோடு பிசைய வேண்டும், சப்பாத்தி மாவைப் பிசைவது போலத்தான், மடித்து அழுத்தி மடித்து அழுத்தி. பிசையப் பிசைய பி.டி.எஃப்.இ. நூல் நூலாக இழுபட்டுக் கரித் துகள்களைக் கட்டிப்போடுகிறது. பிட்டால் ரப்பர் போல இழுபட்டு அறுந்தால் பதம் சரி. பொடிந்தால் இன்னும் கொஞ்சம் ஆல்கஹால், இன்னும் கொஞ்சம் பிசைதல்.

இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்து, பக்கங்களில் தடுப்புக்கு மெல்லிய தகடு போட்டு, உருட்டுக்கட்டையால் 0.25 மி.மீ. வரை தேய்த்தேன். வெர்னியரில் பார்த்தால் ஓரத்துக்கும் நடுவுக்கும் 0.04 மி.மீ. வித்தியாசம். 10 × 10 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஒரு படலம் 1.2 முதல் 1.3 கிராம். காற்றோட்டத்தில் ஆல்கஹால் வாசனை முழுக்கப் போன பிறகே அடுப்பில் 110 டிகிரியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பை இதற்குத் தொடவே கூடாது.

படலத்தைக் கிராஃபைட் மேல் சும்மா வைத்து, கூட்டின் அழுத்தத்தை நம்பி ஓட்டியபோது கரன்ட் தொடங்கும்போதே 0.12 ஆம்பியர். தண்ணீர் 990லிருந்து 955. கரி, கலவை, வோல்ட் எல்லாம் சரி. ஆனால் படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே மின்சாரம் பாதி தொலைந்துகொண்டிருந்தது. இதற்கு வழி திருப்பூரில் இருந்தது. பனியனில் ஸ்டிக்கர், லேபிள் ஒட்டும் ஹீட் பிரஸ். தெரிந்த பிரிண்டிங் யூனிட்டில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். கிராஃபைட் ஷீட்டைச் சொரசொரப்பான தாளால் லேசாகத் தேய்த்து, அதே மாவை ஆல்கஹாலில் கரைத்து மெல்லிசாகப் பூசி, படலத்தை வைத்து, மேலும் கீழும் டெஃப்லான் ஷீட் போட்டு 150 டிகிரியில் இரண்டு நிமிடம் அழுத்தினேன். உரித்தால் கிராஃபைட்டே பிய்ந்து வருகிறது, அந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டது. அதே உப்புத் தண்ணீரில் தொடக்க கரன்ட் 0.45 ஆம்பியர். 990லிருந்து 870.

கரி மாறவில்லை, ஒரு கிராம் கூடவில்லை. உப்பை இறக்கிய அளவு மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. ஐயோடின் நம்பர் 1100, 1200 என்று தேடி அலைந்ததை நிறுத்தியது அன்றுதான். இந்த வேலையில் நல்ல கரி கிடைப்பது சுலபம், கரி வரைக்கும் மின்சாரத்தைக் கொண்டு போவதுதான் பாடு.

கூடு

ஐந்து கிராஃபைட் ஷீட்டுகள், ஒவ்வொன்றும் 13 × 13 செ.மீ., பக்கத்தில் 3 செ.மீ. அகலத்தில் ஒரு காது. நடுவில் உள்ள மூன்றுக்கும் இரு பக்கமும் படலம், ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் உள்பக்கம் மட்டும். மொத்தம் எட்டுப் படலம், பத்து கிராம், நான்கு ஜோடி. 1, 3, 5 ஒரு முனைக்கு, 2, 4 இன்னொரு முனைக்கு. எல்லாம் பேரலலில், ஆகவே மொத்தத்துக்கும் 1.2 வோல்ட்தான். ஒன்று விட்டு ஒன்று எதிரெதிர் மூலையில் 8 மி.மீ. துளை போட்டால் தண்ணீர் வளைந்து வளைந்து நான்கு அறைக்குள்ளும் வரிசையாகப் போகும்.

ஸ்பேசருக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் பாலியஸ்டர் வலை. திருப்பூரில் துண்டு வலை அறுபது ரூபாய்க்குக் கை நிறையக் கிடைத்தது. சுற்றிலும் 1 மி.மீ. சிலிக்கான் காஸ்கெட், இறுக்கியதும் 0.8 ஆகிறது. இரண்டு படலம் 0.5, வலை 0.3, கணக்கு சரியாக வந்தது. வெளியே 8 மி.மீ. அக்ரிலிக் தகடுகள், போர்டு கடையில் லேசரில் வெட்டி 700 ரூபாய். எட்டு எம்-6 போல்ட். எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும்.

கசிவு எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. காஸ்கெட் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஆனால் வெளியே நீட்டிய காதில் மாட்டிய செம்பு கிளிப் பச்சை பூத்தது. கிராஃபைட் ஷீட்டே உள்ளூரத் தண்ணீரை உறிஞ்சிக் காது வரைக்கும் கொண்டு வந்திருக்கிறது. காது தொடங்கும் கழுத்தில் எபாக்சியை மெல்லிசாகத் தேய்த்து ஊற வைத்த பிறகு நின்றது. கிளிப்புக்குப் பதில் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே காதை வைத்து போல்ட் போட்டேன். வோல்ட்டை எப்போதும் அந்தப் பட்டையில்தான் அளக்க வேண்டும். பவர் சப்ளை 1.2 என்று காட்டும்போது பட்டையில் 1.08தான் இருந்தது, மீதி ஒயரில் போயிருந்தது.

இன்னொன்று, பி.டி.எஃப்.இ. தண்ணீரைத் தள்ளும். காய்ந்த படலத்தில் நேரே உப்புத் தண்ணீரை விட்டால் துளைகள் நனைவதே இல்லை. கூட்டுக்குள் முதலில் ஆல்கஹாலை நிரப்பிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஆர்.ஓ. தண்ணீரால் தள்ளி, டி.டி.எஸ். நிலையாகும் வரை ஓட்டிய பின்பே அளவெடுத்தேன்.

ஓட்டமும் கணக்கும்

பெரிஸ்டால்டிக் பம்ப், நிமிடத்துக்கு 40 மி.லி. கால் லிட்டர் பாட்டிலிலிருந்து எடுத்துச் செல்லுக்குள் விட்டு அதே பாட்டிலுக்குத் திரும்ப. பதினைந்து நிமிடம் ஏற்றம், அதாவது கரி உப்பைப் பிடிப்பது. பதினைந்து நிமிடம் இறக்கம், அதாவது பிடித்ததை வெளியே விடுவது. இரண்டும் சேர்ந்தது ஒரு சுழற்சி. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கரன்ட்டையும் டி.டி.எஸ்ஸையும் நோட்டில் குறித்தேன்.

990 மைனஸ் 870, லிட்டருக்கு 120 மி.கி. கால் லிட்டருக்கு 30 மி.கி. பத்து கிராம் படலத்துக்கு, கிராமுக்கு 3 மி.கி. ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஆய்வுகளில் பொதுவாக வரும் அளவு 5 முதல் 15 மி.கி. வரை. கரன்ட்டை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் கொடுத்த மின்னூட்டம் 110 கூலூம். ஃபாரடே கணக்குப்படி 30 மி.கி. உப்புக்கு 49.5 கூலூம் போதும். ஆக கொடுத்த மின்னூட்டத்தில் 45 சதவீதம்தான் உப்பைப் பிடித்தது. மீதி எங்கே போயிற்று? துளைக்குள் ஏற்கெனவே இருந்த, மின்முனையின் அதே மின்னூட்டம் கொண்ட அயனியை வெளியே தள்ளுவதில் ஒரு பங்கு, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனோடு வினைபுரிவதில் ஒரு பங்கு.

சில நாள் தொடர்ந்து ஓட்டியபோது 30 மி.கி. என்பது 18க்கு இறங்கியது. அதோடு விசித்திரமான ஒன்றும் நடந்தது. ஏற்றத்தைத் தொடங்கிய முதல் ஒரு நிமிடம் டி.டி.எஸ். குறைவதற்குப் பதில் ஏறியது, பிறகுதான் இறங்கியது. பேனாவை மாற்றிப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. காரணம் நேர்முனைக் கரி. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதன் மேற்பரப்பு தானாகவே எதிர் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. அதனால் சும்மா இருக்கும்போதே சோடியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கரன்ட் கொடுத்ததும் முதலில் அதை உதறுகிறது. 2015ல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தினர் இதே குணத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, மின்சாரம் கொடுக்கும்போது உப்பை விட்டு, எடுக்கும்போது பிடிக்கிற செல்லையே செய்து காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் என் நோட்டில் இருந்த வளைவு புரிந்தது.

இரண்டு மாற்றம் செய்தேன். வோல்ட்டை 1.0க்குக் குறைத்தேன். ஒவ்வொரு சுழற்சியிலும் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறும்படி வைத்தேன். தேய்வு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒரு சுழற்சியில் பிடிக்கும் உப்பு 24 மி.கி.யைத் தாண்டவில்லை.

சவ்வு

நேர்அயனியையோ எதிர்அயனியையோ, ஒரு வகையை மட்டும் கடக்கவிடுவது அயனிப் பரிமாற்றச் சவ்வு. அதை முதலிலேயே வாங்காததற்கு விலை காரணம். ஏ4 அளவில் நேர்அயனிக்கு ஒன்று, எதிர்அயனிக்கு ஒன்று, இரண்டும் சேர்த்து 4,600 ரூபாய். ஒரு ஏ4 தாளில் 10.4 செ.மீ. சதுரம் நான்கு வெட்டலாம், என் நான்கு ஜோடிக்கு மிகச் சரியாகப் போதும். வெட்டும் முன் ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த நிலையில் அளந்து வெட்டினால் ஊறியதும் பெரிதாகி மடியும்.

எதிர்முனைக் கரிக்கு முன்னால் நேர்அயனிச் சவ்வு, நேர்முனைக் கரிக்கு முன்னால் எதிர்அயனிச் சவ்வு. இனிமேல் முனைகளைச் சுழற்சிக்குச் சுழற்சி இடம் மாற்ற முடியாது, ஏற்றத்துக்கு ஒரே திசைதான். அதற்குப் பதிலாக, இறக்கத்தின்போது எதிர்த்திசையில் மின்சாரம் கொடுத்து உப்பைத் துரத்தலாம். சவ்வு இருப்பதால் எதிர்ப்பக்கக் கரி அதைத் திரும்பப் பிடிக்காது.

1.2 வோல்ட்டில் 990லிருந்து 760. அதாவது 57.5 மி.கி., கிராமுக்குச் சுமார் 5.7. மின்னூட்டம் 115 கூலூம், தேவையானது 95, பயன் 83 சதவீதம். ஒரு கிராம் உப்புக்குச் செலவான மின்சாரம் 0.67 வாட் மணி, சவ்வு இல்லாதபோது 1.2 ஆக இருந்தது. தேய்வும் தென்படவில்லை. சவ்வுக்குக் கொடுத்த பணத்துக்கு வருத்தமில்லை.

சரி, எங்கள் போர் தண்ணீர்? 1,860லிருந்து ஒரு சுழற்சிக்கு 1,630. உப்புக் கரைசலில் வந்த அதே அளவு இறக்கம். ஆனால் தொடர்ந்து ஓட்டினால் எதிர்முனைப் பக்க வலையில் வெள்ளைப் படிவு வருகிறது. கடினத்தன்மை அதிகமான தண்ணீர், கால்சியம் படிகிறது. லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து இருபது நிமிடம் ஓட்டினால் போய்விடுகிறது. தண்ணீரை முன்கூட்டியே சாஃப்ட்னர் வழியாக விட்டால் படிவு வராது, ஆனால் சாஃப்ட்னருக்கே உப்பு வேண்டும், அந்தக் கழிவும் இதே மண்ணுக்குத்தான் போகும். அதனால் சிட்ரிக் ஆசிட் போதும் என்று விட்டுவிட்டேன்.

500க்குக் கீழே கொண்டுவர ஆறு சுழற்சி. கால் லிட்டருக்கு மூன்று மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் குடிநீர் வேண்டுமென்றால் 13.6 கிராம் உப்பை இறக்க வேண்டும். இந்தச் செல் இரவு பகல் ஓடினால் சுமார் 2.8 கிராம் இறக்கும். ஆக இது மாதிரி ஐந்து, அதாவது ஐம்பது கிராம் கரி, தவறாமல் ஓட வேண்டும். உப்பை இறக்க ஆகும் மின்சாரம் 9 வாட் மணிதான். என் பம்ப் ஒன்றே ஒரு நாளைக்கு 120 வாட் மணி தின்கிறது. முதலில் மாற்ற வேண்டியது பம்ப்.

கடல் தண்ணீருக்கு இது ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கிராம் கரிக்கு 10 மி.கி. என்று தாராளமாக வைத்தாலும், ஒரு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ கரி வேண்டும். கடல் நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி, மீஞ்சூர் ஆலைகளில் ஆர்.ஓ. இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்பன் மின்முனை நொய்யல் கரைத் தண்ணீருக்கு ஏற்றது: ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்கும் கிணறு, போர்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னவை போக கார்பன் பிளாக் 400, பி.டி.எஃப்.இ. டிஸ்பர்ஷன் 1,600, ஆல்கஹால் 350, சிலிக்கான் ஷீட் 450, பம்ப் 1,250, பேனா 900. சவ்வு இல்லாமல் 6,990 ரூபாய், சவ்வோடு 11,590. பவர் சப்ளை ஏற்கெனவே இருந்தது. ஸ்டீல் வலைக்குப் போனதைச் சேர்க்கவில்லை. பொடியும் டிஸ்பர்ஷனும் இன்னும் பல செல்லுக்கு மிச்சம் இருக்கிறது.

அடுத்த முறை படலத்தை உருட்டுக்கட்டையில் தேய்க்கப் போவதில்லை. இடியாப்ப அச்சுக்குப் பித்தளை வார்க்கும் பட்டறையில் ஒரு ஜோடி எஃகு உருளை செய்யக் கொடுத்திருக்கிறேன், 0.2 மி.மீ. சீராக வந்தால் உள்ளே இருக்கும் தடை குறையும். மின்முனை 20 × 20 செ.மீ. ஆகும், ஒரே செல்லில் சுமார் 32 கிராம். இறக்கத்தின்போது வெளிவரும் உப்பை ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரில் விடாமல், அதே 100 மி.லி.யில் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன், ஆறு சுழற்சி தாங்குகிறது. அந்தக் கணக்கில் பத்து லிட்டர் நல்ல தண்ணீருக்கு நான்கு லிட்டர் கழிவு. அதன் டி.டி.எஸ். 5,000ஐத் தாண்டும். சாக்கடையிலோ தென்னைக்கோ அதை விட்டால் நொய்யலுக்கு நடந்ததையே நானும் செய்தவன் ஆவேன். நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் தட்டு ஐந்து லிட்டரை உலர்த்திவிடும். மொட்டைமாடியில் கறுப்பு தார்ப்பாய் விரித்த தட்டு ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறேன். மழைக்காலத்துக்கு அதற்கு மேல் ஒரு கண்ணாடிக் கூரை வேண்டும், அதன் அளவுகளை அடுத்த பதிவில் போடுகிறேன்.